இளம் இரட்டை நட்சத்திரங்களை ஏன் அகச்சிவப்பில் பிரித்துப் பார்க்கிறார்கள்?

கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "நட்சத்திரங்கள் பிறக்கும் மேகங்களில் இருக்கும் இரட்டை நட்சத்திரங்களை அகச்சிவப்பில்தான் நுணுக்கமாகப் படம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். அலைநீளம் கூடினால் படத்தின் கூர்மை குறையும் என்பதுதானே விதி? பிறகு ஏன் அகச்சிவப்பு? அப்புறம், ஒரு ஒளிப்புள்ளி ஒன்றா இரண்டா என்று பார்ப்பதற்கு இவ்வளவு உழைப்பைப் போட்டு என்ன கிடைக்கிறது?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால்தான் முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பது புரியும். ஒரு இளம் நட்சத்திரம் ஒன்றா இரண்டா என்று தெரியாதவரை அதன் எடை, வயது, அதைச் சுற்றியிருக்கும் தூசித் தட்டின் வடிவம், அந்தத் தட்டில் கோள் உருவாகிறதா என்பது எதையும் நம்பிச் சொல்ல முடியாது. இதற்கு நல்ல உதாரணம், இந்த வகை நட்சத்திரங்களுக்கே பெயர் கொடுத்த டி டாரி.

ரிஷப ராசியில், ரோகிணிக்கும் கார்த்திகைக்கும் இடைப்பட்ட பகுதியில், ரோகிணியை ஒட்டினாற்போல் இருக்கிறது அது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1852இல் ஜான் ரஸ்ஸல் ஹிண்ட் லண்டனிலிருந்து அதைக் கண்டார். அதன் ஒளி ஏறி இறங்கியது, பக்கத்தில் ஒரு சின்ன ஒளிமேகமும் இருந்தது. 1945இல் ஆல்ஃபிரட் ஜாய் அதைப் போலவே நடந்துகொள்ளும் நட்சத்திரங்களைத் தொகுத்து ஒரு வகையாக்கி, அதற்கு டி டாரி நட்சத்திரங்கள் என்று பெயரிட்டார். இவை இன்னும் முழுதாக உருவாகி முடியாத, சுருங்கிக்கொண்டே இருக்கும் குழந்தைச் சூரியன்கள் என்று பின்னால் புரிந்தது. சூரியன் 460 கோடி வயதானது. இவற்றின் வயது சில லட்சம் முதல் சில பத்து லட்சம் ஆண்டுகள். நம் சூரியன் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்கள் எல்லோரும் டி டாரியை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

1982இல் மெல்வின் டைக், தியோடர் சைமன், பென் ஸக்கர்மன் மூவரும் அகச்சிவப்பில் அதைக் கூர்ந்து பார்த்த முடிவை வெளியிட்டார்கள். டி டாரிக்குத் தெற்கே, ஒரு விகலைக்கும் (வானத்தில் கோணத்தை அளக்கும் அலகு, ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) குறைவான தூரத்தில், இன்னொன்று இருந்தது. பிற்பாடு ஹப்பிள் தொலைநோக்கி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதே இடத்தைப் படம் எடுத்தபோது அங்கே ஒன்றுமே தெரியவில்லை. நீண்ட அகச்சிவப்பு அலைகளிலோ, கண்ணுக்குத் தெரியாத அந்தத் தெற்குத் துணைதான் அதிகம் ஒளிர்கிறது. அதோடு முடியவில்லை. 2000இல் கிறிஸ் கொரெஸ்கோ ஹவாயில் இருக்கும் 10 மீட்டர் கெக் தொலைநோக்கியின் தரவிலிருந்து அந்தத் தெற்குத் துணையே இரண்டு என்று காட்டினார். இரண்டுக்கும் இடைவெளி வெறும் 0.05 விகலை. அதன்பின் ஆண்டுதோறும் அந்த ஜோடியைத் தொடர்ந்து, சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, எடை போட்டார்கள். ஒன்று சூரியனைப்போல் சுமார் 2 மடங்கு, இன்னொன்று சூரியனில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதாவது 130 ஆண்டுகளாக நாம் பார்த்துக்கொண்டிருந்த டி டாரியைவிட, பார்க்காமல் விட்ட ஜோடியின் மொத்த எடை அதிகம். ஒரு வகைக்கே முன்மாதிரியாக வைத்த தனி நட்சத்திரம் உண்மையில் மூன்று நட்சத்திரங்கள்!

இதைப் படித்த நாளிலிருந்து இந்தத் துறையில் வரும் எந்த முடிவைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, "இதைப் பிரித்துப் பார்த்தார்களா?" என்பதுதான்.

சரி, ஏன் அகச்சிவப்பு? மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது தூசி. நட்சத்திரம் பிறக்கும் மேகத்தில் புகையைப்போல் நுண்ணிய தூசி நிறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 10,000இல் ஒரு பங்கு மட்டுமே தப்பி வருமளவுக்குத் தூசி மறைத்திருக்கும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதிகளில் அது சாதாரணம். அதே தூசி 2.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஒளியை வெளியே விட்டுவிடும். அங்கே 10,000, இங்கே 3. டி டாரியின் தெற்கு ஜோடி இத்தனை காலம் ஒளிந்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, இந்த நட்சத்திரங்களின் சூடு குறைவு. பெரும்பாலானவற்றின் மேற்பரப்பு வெப்பநிலை 3000 முதல் 4000 கெல்வின்தான், அதனால் அவை உமிழும் ஒளியில் பெரும்பகுதி சிவப்பிலும் அகச்சிவப்பிலும் வருகிறது. சிறிய துணை நட்சத்திரம் இன்னும் குளிர்ந்தது. நீல ஒளியில் பெரியதன் பக்கத்தில் சிறியது காணாமல் போய்விடும். அகச்சிவப்புக்குப் போகப் போக இரண்டுக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு குறைந்து, சின்னதும் தலைகாட்டும்.

மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கூர்மை அலைநீளத்தைப் பொறுத்தது என்ற விதி சரியானதே. 10 மீட்டர் கண்ணாடியால் மஞ்சள் ஒளியில் சுமார் 0.01 விகலை வரை பிரிக்க முடியும், 2.2 மைக்ரானில் 0.05 விகலைக்கு அருகேதான். ஆனால் அந்த 0.01 காற்றில்லாத இடத்துக்கான கணக்கு. வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் பல கிலோமீட்டர் காற்று முழுவதும் மெலிதாக அப்படி நெளிந்துகொண்டே இருக்கிறது. நல்ல மலையுச்சியில்கூட படம் அரை விகலை முதல் ஒரு விகலை வரை மங்கிவிடும், கண்ணாடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும். எவ்வளவு அகலமான காற்றுப் பத்தையை "சீரானது" என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அலைநீளத்தோடு வேகமாக வளர்கிறது, அலைநீளத்தின் 1.2 அடுக்காக. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 10 சென்டிமீட்டர் என்றால் 2.2 மைக்ரானில் 60 சென்டிமீட்டர். காற்றின் நெளிவும் அந்த அளவுக்கு நிதானமாகத் தெரியும். ஆக, அகச்சிவப்பில் காற்றோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடிகிறது, அந்த 0.05 விகலை உண்மையிலேயே கைக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் 0.01 பெரும்பாலும் தாளில்தான் இருக்கிறது.

விகலை என்பது பஞ்சாங்கக் கணக்கில் வரும் அதே விகலைதான்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. கல்யாணத்தில் அருந்ததி காட்டுவார்களே, அந்த அருந்ததிக்கும் பக்கத்து வசிஷ்டருக்கும் இடைவெளி சுமார் 12 கலை, அதாவது 700 விகலைக்கு மேல். நல்ல கண் இருந்தால் பிரித்துப் பார்க்கலாம். நாம் பேசுவது அதில் 7000இல் ஒரு பங்கான 0.1 விகலையைப் பற்றி.

ஏன் அந்த அளவு தேவைப்படுகிறது? ரிஷபத்தில் இருக்கும் பிறப்பிடம் நமக்கு மிக அருகிலிருப்பவற்றில் ஒன்று, சுமார் 450 ஒளியாண்டுகள். அந்தத் தூரத்தில் ஒரு விகலை என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 140 மடங்கு. அந்தத் தூரத்தை வானியல் அலகு என்பார்கள். சூரியனைப் போன்ற நட்சத்திரங்களின் ஜோடிகளில் மிகவும் அதிகமாகக் காணப்படும் இடைவெளி சில பத்து அலகுகள், நம் யுரேனஸ், நெப்டியூன் இருக்கும் தூரங்கள். ரிஷபத்தில் அது 0.2, 0.3 விகலையாகத் தெரியும். பார்த்தீர்களா சிக்கலை? எந்த இடைவெளியில் ஜோடிகள் குவிந்திருக்கின்றனவோ அதே இடைவெளியைத்தான் காற்றின் மங்கல் சரியாக விழுங்கிவிடுகிறது. கோள்கள் உருவாகும் தூரமும் அதுவே.

காற்றை மீறும் வழிகளில் பழையது 1970இல் அந்துவான் லபேரி சொன்னது. நீண்ட நேரம் படம் எடுத்தால்தானே காற்று மங்கலாக்கும்? மிகக் குறுகிய நேரப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுங்கள் என்றார். ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் சிதறிய மணிகளைப்போல் பல துகள்களாகத் தெரியும். அது இரட்டை என்றால் ஒவ்வொரு துகளுக்கும் அதே தூரத்தில், அதே திசையில் ஒரு ஜோடித் துகள் இருக்கும். காற்று துகள்களை எப்படிக் கலைத்தாலும் அந்த இடைவெளி மாறாது. எல்லாப் படங்களையும் ஃபூரியே கணக்குக்கு (ஒரு படத்தை அலைகளாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) உட்படுத்திக் கூட்டினால் இரட்டை நட்சத்திரம் கோடு கோடாக வெளிப்படும். கோடுகளின் நெருக்கத்திலிருந்து இடைவெளியும் சாய்விலிருந்து திசையும் கிடைக்கும்.

1993இல் இந்த முறையில் இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் வந்தன. ஆண்ட்ரியா கெஸ்ஸும் அவருடைய குழுவும் பாலமாரில் இருக்கும் 5 மீட்டர் ஹேல் தொலைநோக்கியால் ரிஷபத்திலும் விருச்சிகத்தை ஒட்டியுள்ள ஓஃபியூக்கஸ் பகுதியிலும் 69 டி டாரி நட்சத்திரங்களைப் பார்த்தார்கள். கிறிஸ்டோஃப் லைனெர்ட்டின் குழு ஸ்பெயினின் கலர் ஆல்ட்டோவில் 3.5 மீட்டர் தொலைநோக்கியால் ரிஷபத்தில் 104 நட்சத்திரங்களைப் பார்த்தது. இரண்டு குழுக்களும் அளந்த இடைவெளி வரம்புகள் வேறு, எண்களும் அதற்கேற்ப வேறு. முதிர்ந்த சூரிய வகை நட்சத்திரங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜோடிகள் என்றது லைனெர்ட் குழு, நான்கு மடங்கு என்றது கெஸ் குழு. முடிவின் திசை ஒன்றுதான்: குழந்தைப் பருவத்தில் ஜோடிகள் அதிகம். கெஸ் பிறகு இதே துகள்பட முறையைக் கெக் தொலைநோக்கிக்கு எடுத்துப்போய் நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளையைச் சுற்றும் நட்சத்திரங்களைப் படம்பிடித்தார், அதற்காக 2020இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தக் கைப்பழக்கம் வந்தது இந்தக் குழந்தை நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த ஆண்டுகளில்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த முறைக்குப் பெரிய தொலைநோக்கிகூட வேண்டாம். அதைச் சந்திரனே செய்து தருகிறது. ரிஷபமும் ஓஃபியூக்கஸும் சந்திரன் போகும் பாதையில் இருக்கின்றன. சந்திரனின் விளிம்பு வானத்தில் நொடிக்கு சுமார் அரை விகலை நகர்கிறது. 0.05 விகலை இடைவெளியில் இரண்டு நட்சத்திரங்கள் இருந்து, சந்திரனும் அவற்றை இணைக்கும் கோட்டின் திசையிலேயே வந்தால், ஒன்று மறைந்து பத்தில் ஒரு நொடி கழித்து இன்னொன்று மறையும். வேகமான அகச்சிவப்பு உணரி ஒன்று இருந்தால் ஒளி இரண்டு படிகளாக இறங்குவதைப் பதிவு செய்யலாம். சந்திரனில் காற்று கிடையாது, அதனால் கத்தி முனைபோல் வெட்டும். நம் காற்று படத்தை எவ்வளவு கலக்கினாலும் நேரக் கணக்கு கலங்காது. மைக்கேல் சைமனின் குழு 1980களிலும் 90களிலும் இப்படியே பல இளம் ஜோடிகளைக் கண்டுபிடித்தது. குறைகளும் உண்டு. சந்திரன் எதன் மேல் போகிறதோ அதைத்தான் பார்க்கலாம், விருப்பப்பட்ட நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது. கிடைப்பதும் ஒரே திசையிலான இடைவெளி மட்டும். இந்தியாவிலும் ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியால் அகச்சிவப்பில் சந்திர மறைப்புகளை நீண்ட காலம் பதிவு செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் முதிய சிவப்பு நட்சத்திரங்களின் அகலத்தை அளக்க.

அடுத்து வந்தது தகவமைப்பு ஒளியியல். காற்று கோணலாக்கிய ஒளியலையை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, ஒரு மெல்லிய கண்ணாடியை அதற்கு எதிர்ப்பக்கமாக வளைத்து நேராக்குவது. யோசனை 1953இல் ஹொரேஸ் பாப்காக் சொன்னது, வானத்தில் நடைமுறைக்கு வந்தது 1989இல். அலையை அளக்க ஒளி வேண்டும், ஆனால் தூசிக்குள் புதைந்த நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருட்டாக இருக்கும். சிலியில் இருக்கும் விஎல்டி தொலைநோக்கியின் நாக்கோ கருவியில் இதற்காகவே அகச்சிவப்பில் அலையை அளக்கும் பகுதியையும் வைத்திருந்தார்கள். லேசரை மேலே பாய்ச்சி 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சோடியம் அணுக்களை ஒளிரவைத்து செயற்கை நட்சத்திரம் உண்டாக்குவதும் ஒரு வழி.

இதற்கும் மேலே ஒரு படி போனது துளைத் தகடு முறை. பத்து மீட்டர் கண்ணாடிக்கு வரும் ஒளிப்பாதையில் சில துளைகள் மட்டும் கொண்ட ஒரு தகட்டை வைத்து மீதி ஒளியை வேண்டுமென்றே தடுத்துவிடுவார்கள். அவ்வளவு செலவு செய்து சேர்த்த ஒளியை வீணாக்குவதா என்று தோன்றும். துளைகளை எந்த இரண்டுக்கும் இடையிலான தூரமும் திசையும் மறுபடி வராதபடி அமைப்பார்கள். மூன்று துளைகளை முக்கோணமாக எடுத்து, மூன்று பக்கங்களிலும் கிடைக்கும் அலைக்கட்டங்களை (அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின் தள்ளியிருக்கின்றன என்ற அளவு) சுற்றிக் கூட்டினால், ஒவ்வொரு துளைக்கு மேலும் இருக்கும் காற்றின் பிழை ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்து அடிபட்டுப்போகும். மிஞ்சுவது நட்சத்திரத்தின் உண்மையான வடிவம் பற்றிய தகவல். ரேடியோ வானியலில் 1958இல் ரோஜர் ஜெனிசன் கண்டுபிடித்த தந்திரம் இது. கெக்கில் இதை வைத்து 0.02, 0.03 விகலை வரை இறங்கலாம், ரிஷபத்தில் அது 3, 4 வானியல் அலகு.

இந்த முறையில் ஆடம் கிரௌஸ், மைக்கேல் அயர்லாந்து ஆகியோர் 2008இல் செய்த வேலையைத்தான் உங்கள் "என்ன கிடைக்கிறது" என்ற கேள்விக்கு முழுப் பதிலாகச் சொல்வேன். கோகு டாரி 4 என்று ரிஷபத்தில் ஒரு நட்சத்திரம், வயது சுமார் 10 லட்சம் ஆண்டு என்று அப்போது கணித்திருந்தார்கள். 2004இல் ஸ்பிட்ஸர் விண்தொலைநோக்கி அதைச் சுற்றியுள்ள தூசித் தட்டின் நடுவில் 10 வானியல் அலகு ஆரத்துக்கு ஓட்டை இருப்பதைக் காட்டியது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய சூடான தூசியின் ஒளி இல்லை, தூரத்துக் குளிர்ந்த தூசியின் ஒளி மட்டும் இருந்தது. அந்த ஓட்டையை ஒரு கோள் கூட்டிப் பெருக்கியிருக்கலாம் என்று கணக்குகள் வந்தன, இவ்வளவு இளம் வயதில் கோளா என்று செய்திகள் வந்தன. நான்கு ஆண்டு கழித்து கெக்கில் துளைத் தகட்டை வைத்துப் பார்த்தபோது நடுவில் இருந்தது 0.053 விகலை இடைவெளியில், ஏறக்குறைய ஒரே ஒளியுள்ள இரண்டு நட்சத்திரங்கள். இடைவெளி சுமார் 8 வானியல் அலகு. தூசியைக் கூட்டித் தள்ளி ஓட்டையை உண்டாக்கியது அந்த ஜோடி. கோளுக்குத் தேவையே இல்லை.

ஸ்பிட்ஸரின் அளவீட்டில் தவறு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோள் கணக்குப் போட்டவர்களின் இயற்பியலும் சரிதான். நடுவில் ஒன்றுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது மட்டும் தவறு.

இதே முறை ஆளை ஏமாற்றவும் செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே இருவரும் 2011இல் எல்கேசிஏ 15 என்ற நட்சத்திரத்தின் தட்டு இடைவெளியில் உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு கோளைக் கண்டதாக அறிவித்தார்கள். 2019இல் தேய்ன் கரி என்ற வானியலாளரின் குழு கூர்மையான நேரடிப் படங்களை எடுத்தபோது, கோள் என்று நினைத்த ஒளி தட்டின் உள்விளிம்பில் பட்டுச் சிதறிய நட்சத்திர ஒளிதான் என்று வாதிட்டது. துளைத் தகடு தருவது படம் இல்லை, ஒரு மாதிரியைப் பொருத்திப் பார்க்கும் எண்கள். இரண்டு புள்ளி என்ற மாதிரியைக் கொடுத்தால் இரண்டு புள்ளியாகத்தான் விடை சொல்லும். சம ஒளியுள்ள ஜோடியில் இது பெரிய ஆபத்தில்லை. துணை நூறு மடங்கு மங்கலாக இருக்கும்போது ஆபத்து.

கோகு டாரி தனிக் கதை இல்லை. 2011, 2012இல் கிரௌஸ் குழு ரிஷபத்தின் கணக்கைத் திரட்டியபோது அங்குள்ள நட்சத்திரங்களில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை ஜோடியாகவோ கூட்டமாகவோ இருப்பது தெரிந்தது. இடைவெளி 40 வானியல் அலகுக்குக் குறைவான ஜோடிகளில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 10 லட்சம் ஆண்டுக்குள் தங்கள் தட்டை இழந்துவிடுகின்றன. தனி நட்சத்திரங்களும் தூரத்து ஜோடிகளும் பத்தில் எட்டு, ஒன்பது என்ற கணக்கில் 20, 30 லட்சம் ஆண்டு வரையாவது தட்டை வைத்திருக்கின்றன. கோள் உருவாகும் மூலப்பொருள் அந்தத் தட்டுதான். எனவே "ஒரு தட்டு எத்தனை காலம் தாங்கும்" என்ற கேள்விக்கு ஜோடிகளையும் தனியர்களையும் கலந்து சராசரி போட்டால் வரும் விடை இரண்டு பேருக்குமே பொருந்தாது.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. ரிஷபத்திலேயே ஜிஜி டாரி என்ற ஜோடியைச் சுற்றி, இரண்டையும் சேர்த்து அணைத்தாற்போல், 180 வானியல் அலகில் தொடங்கும் அழகான தூசி வளையம் ஒன்று உண்டு. 1990களில் மில்லிமீட்டர் அலைகளிலும் தகவமைப்பு ஒளியியலிலும் அதைப் படம்பிடித்தார்கள். ஜோடியின் இடைவெளி நம் பார்வையில் சுமார் 35 அலகு. இயக்கவியல் கணக்குப்படி ஒரு ஜோடி தன் இடைவெளியைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் வரைதான் தட்டைக் காலியாக்க முடியும், இங்கே ஐந்து மடங்கு. ஜோடியின் பாதை வளையத்தின் தளத்திலிருந்து சாய்ந்து, இன்னும் பெரிதாக இருக்கலாம் என்று 2011இல் ஒரு விளக்கம் வந்தது. 2014இல் விஎல்டியின் தொலைநோக்கிகளைக் குறுக்கீட்டுமானியாக (பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்த்து ஒரே பெரிய தொலைநோக்கிபோல் பயன்படுத்தும் அமைப்பு) இணைத்துப் பார்த்தபோது, அந்த ஜோடியில் சிறியது என்று நினைத்ததே இரண்டு என்று தெரிந்தது, இடைவெளி 0.03 விகலை. தூரத்தில் இன்னொரு ஜோடியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆக மொத்தம் ஐந்து நட்சத்திரங்கள்.

வயதுக் கணக்கில் வரும் பிழையை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சுருங்கும் இளம் நட்சத்திரத்தின் ஒளி, வயதின் மூன்றில் இரண்டு அடுக்கு வீதத்தில் குறைகிறது. சமமான இரண்டை ஒன்றென்று நினைத்தால் ஒளி இரட்டிப்பாகத் தெரியும். அப்போது கணக்கில் வரும் வயது உண்மையான வயதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. 30 லட்சம் வயதான ஜோடி 10 லட்சம் வயதான தனியாகத் தெரியும். ஒரு பிறப்பிடத்தில் நட்சத்திரங்கள் ஒரே சமயத்தில் பிறந்தனவா, நீண்ட காலம் விட்டுவிட்டுப் பிறந்தனவா என்ற வாதத்தில் இது சின்ன விஷயம் கிடையாது.

எடைக்கு வருவோம். தனி நட்சத்திரத்தை எடைபோட வழி குறைவு, கோட்பாட்டுக் கணக்கு மாதிரிகளை நம்பித்தான் சொல்கிறோம். ஜோடி என்றால் கெப்ளர் விதி போதும்: இடைவெளியின் மூன்றாம் அடுக்கைச் சுற்றுக் காலத்தின் இரண்டாம் அடுக்கால் வகுத்தால் மொத்த எடை. அதனால் ஜோடிகள்தான் மாதிரிகளைச் சரிபார்க்கும் தராசு. அந்தத் தராசுத் தட்டிலும் ஒளிந்திருப்பவர் உண்டு. 2005இல் ஏபி டோராடஸ் சி என்ற சிறிய இளம் நட்சத்திரத்தின் எடை சூரியனில் 0.09 பங்கு என்று அளந்தார்கள். அந்த ஒளிக்கு மாதிரிகள் சொன்ன எடை அதில் ஏறக்குறைய பாதிதான். மாதிரிகள் தவறு என்று பெரிய விவாதம் நடந்தது. 2019இல் குறுக்கீட்டுமானியால் பார்த்த ஒரு குழு, அதுவே ஒரு ஜோடியாக இருக்கலாம் என்பதற்கான அடையாளங்களை வெளியிட்டது. அது உறுதியானால் முரண்பாட்டில் ஒரு பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ரிஷபத்தை விட்டு ஓரியனுக்குப் போனால் கதை மாறுகிறது, இங்குதான் இன்னும் சூடான வாதம் நடக்கிறது. திருவாதிரை இருக்கும் அதே நட்சத்திரக் கூட்டத்தில், நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஓரியன் ஒளிமேகம் இருக்கிறது, சுமார் 1300 ஒளியாண்டு தூரம். ரிஷபத்தில் நட்சத்திரங்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. ஓரியனின் நடுப்பகுதி நெரிசலான சந்தை, ஒரு கன பார்செக்குக்கு (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) பத்தாயிரம் நட்சத்திரங்களுக்கும் மேல். 1998இல் மோனிகா பெட்ரும் குழுவும் அந்த நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு, ஜோடிகளின் விகிதம் ரிஷபத்தின் விகிதத்தில் மூன்றில் ஒரு பங்குதான், முதிர்ந்த நட்சத்திரங்களின் விகிதத்துக்குச் சமம் என்றார்கள். நெரிசலில் பக்கத்தில் வரும் நட்சத்திரங்கள் தளர்ந்த ஜோடிகளைப் பிரித்துவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். பெரும்பாலான நட்சத்திரங்கள் இப்படிப்பட்ட கூட்டங்களில் பிறக்கின்றன என்பதால் முதிர்ந்தவர்களின் விகிதமும் பொருந்திப்போனது. ஆனால் 2018இல் காஸ்பர் டுஷேனின் குழு விஎல்டியால் இன்னும் நெருக்கமான, 10 முதல் 60 அலகு இடைவெளியுள்ள ஜோடிகளைத் தேடியபோது ஓரியனிலும் முதிர்ந்தவர்களைவிட இரண்டு மடங்கு இருந்தன, ரிஷபத்தோடு ஒத்துப்போகும் அளவு. இவ்வளவு நெருக்கமான ஜோடிகளை நெரிசல் சுலபமாகப் பிரித்துவிட முடியாது. அப்படியானால் நம் அக்கம்பக்கத்து முதிர்ந்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவை ஓரியன் போன்ற இடத்தில் பிறக்கவில்லையா? என் பார்வையில் 2018இன் முடிவுக்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும். பழைய கணக்கெடுப்புகள் ஓரியனின் தூரத்தில் அகலமான ஜோடிகளை மட்டுமே பார்க்க முடிந்தது, எளிதில் பிரியக்கூடியவையும் அவைதான்.

நீங்களே தரவை எடுத்துப் பார்க்க விரும்பினால் ஐரோப்பிய தென் வானாய்வகமும் கெக்கும் பழைய பதிவுகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தவுடன் துணை என்று எழுதிவிடாதீர்கள், பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் நட்சத்திரமாக இருக்கலாம். சில ஆண்டு இடைவெளியில் எடுத்த இன்னொரு படத்தில் இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அப்புறம், பிரகாசமானது கனமானது என்று நினைக்காதீர்கள். எஃப்யூ ஓரியானிஸ் என்ற நட்சத்திரம் 1936, 37இல் திடீரென்று 200 மடங்குக்கு மேல் பிரகாசமாகி இன்றும் பெரும்பாலும் அப்படியே ஒளிர்கிறது. 2004இல் அதற்கு அரை விகலை தெற்கே மங்கலான ஒரு துணையைக் கண்டார்கள். 2012இல் எடை கணக்கிட்டபோது அந்த மங்கலானதுதான் கனமானது என்று தெரிந்தது, சூரியனைப்போல் சுமார் 1.2 மடங்கு. பிரகாசமானது தட்டிலிருந்து பொருளை வாரி இழுத்துக்கொண்டிருக்கிறது, நாம் பார்க்கும் ஒளி அந்தத் தட்டினுடையது.

ஜேம்ஸ் வெப் வந்துவிட்டதே, இனி தரையிலிருந்து எதற்கு என்றும் கேட்கலாம். அதன் கண்ணாடி 6.5 மீட்டர். மங்கலானதைப் பார்ப்பதில் அதற்கு நிகர் இல்லை, ஆனால் 2 மைக்ரானில் அதன் கூர்மை கெக்கைவிடக் குறைவு. சிலியில் விஎல்டியின் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளை இணைக்கும் கிராவிட்டி கருவி சில மில்லி விகலை வரை போகிறது. அதே சிலியில் கட்டப்பட்டுவரும் 39 மீட்டர் தொலைநோக்கி 2.2 மைக்ரானில் 0.012 விகலையைத் தனியாகவே பிரிக்கும். ரிஷபத்தில் அது 2 வானியல் அலகுக்கும் குறைவு, செவ்வாயின் பாதையை ஒட்டிய தூரம்.

டி டாரியின் தெற்கு ஜோடியின் சுற்றுக் காலம் சுமார் 27 ஆண்டுகள். கொரெஸ்கோ அறிவித்தது 2000இல். அவர் பார்த்த இடத்திலிருந்து கிளம்பிய அந்தச் சின்ன நட்சத்திரம் தன் முதல் சுற்றை இப்போதுதான் முடிக்கிறது.